மணிக்கட்டு நாடியும் குருதிக் காவலும்

குருதியைக் காப்பது உயிரைக் காப்பதாம். போர்க்களத்திற் பட்ட புண்ணாயினும், நோய் தீர்க்கும்பொருட்டு வைத்தியரே செய்த சிறு துளையாயினும், குருதிக்கு வேற்றுமை தெரிவதில்லை. வழி கிடைத்தவிடத்து அது வெளியேறும். ஆதலின், இருதயத்தைச் சோதிக்கும்பொருட்டு மணிக்கட்டிற் செய்யப்படுந் துளையை எங்ஙனம் அடைப்பது என்பது, பார்வைக்குச் சிறிதாயினும் பயனிற் பெரிதாகிய ஒரு பாடமாகும். ஆஞ்சியோகிராம் என்னுஞ் சொல்லைக் கேளாத வீடு இக்காலத்தில் அரிது. நம் மாணவருட் சிலருடைய தந்தையாரோ பாட்டனாரோ இச்சோதனைக்கு உட்பட்டிருத்தல் கூடும். பழைய மாணவருட் சிலர் தாமே உட்பட்டிருத்தலுங் கூடும். சோதனைக்கு உட்பட்டார்க்கும், அவர் படுக்கையருகே இருந்து பார்ப்பார்க்கும், நாளை இத்தொழிலிற் புகவிருக்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இப்பொருளை ஈண்டு விளக்குவாம்.

1. கதீட்டர் மணிக்கட்டுக்கு வந்த வரலாறு

இருதயத்தினின்று குருதியைக் கொண்டு செல்லுங் குழாயை நாடி என்றும், இருதயத்துக்கு மீளக் கொணருங் குழாயை நாளம் என்றுங் கூறுவர். இக்காலத்துப் பாடநூல்கள் இவற்றை முறையே தமனி, சிரை என வழங்கும். கதீட்டர் என்பது இக்குழாய்களின் வழியே இருதயம்வரை செலுத்தத்தக்க, மெல்லிய, வளையுந் தன்மையுடைய நீண்ட குழாயாம்.

1929ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து எபர்ஸ்வால்டே என்னும் ஊரில், வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளவைத்தியர், தம் முழங்கை மடிப்பிலுள்ள நாளத்தின் வழியே 65 சென்டிமீட்டர் நீளம் கதீட்டரைத் தம் உடம்பினுள்ளேயே செலுத்தினார். அந்நிலையிலேயே நடந்து சென்று எக்ஸ்ரே படம் எடுப்பித்து, குழாயின் நுனி இருதயத்தை எட்டியதைக் காட்டினார். அன்று அதன் பெருமையை உணர்ந்தார் சிலரே. பின்னர் 1956ஆம் ஆண்டில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடு அவருக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்பார் இருதயத்துக்கே உணவூட்டும் நாடிகளைத் தனித்தனியே படமெடுக்கும் முறையைக் கண்டார். 1977இல் ஸுரிச் நகரில் ஆந்திரேயாஸ் குருயன்ட்ஸிக் என்பார் அடைபட்ட இருதய நாடியைச் சிறு பலூனால் விரித்தார்.

இவ்வேலைகளுக்கு நெடுங்காலம் பெருவழியாக இருந்தது தொடையிடுக்கின் நாடியே. அது பருத்தது, கதீட்டர் எளிதிற் புகும். ஆயின் அது சதைக்குள் ஆழ்ந்து கிடப்பது. துளையினின்று குருதி கசிந்தால் வெளியே தோன்றாது வயிற்றின் பின்புறத்தே தேங்கவுங் கூடும். நோயாளர் பல மணிநேரம் காலை மடக்காது மல்லாந்து கிடத்தலும் வேண்டும். இக்குறைகளை நோக்கி, கானடா தேசத்து மான்ட்ரியால் நகரில் லூசியன் காம்போ என்பார், 100 பேருக்கு மணிக்கட்டு நாடியின் வழியே இருதய நாடிகளைப் படமெடுத்து, அதனை 1989இல் வெளியிட்டார். 1992இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பெர்டினாண்ட் கீமனே என்பார் அவ்வழியே அடைப்பை நீக்கும் சிகிச்சையையுஞ் செய்தார்.

புதுவழியின் பயன் எண்களால் விளங்கும். 2015இல் வெளியான மாட்ரிக்ஸ் என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சியில், மாரடைப்பு முதலிய கடிய இருதய நோயோடு வந்த 8,404 பேர் இருவகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். பெரும் இரத்தப்போக்கு, மணிக்கட்டு வகுப்பில் நூற்றுக்கு 1.6; தொடை வகுப்பில் 2.3. முப்பது நாளுக்குள் இறந்தவர், முன்னதில் நூற்றுக்கு 1.6, பின்னதில் 2.2. துளையிடும் இடத்தை மாற்றிய அளவிலே உயிர்ச்சேதங் குறைந்தமை, இரத்தப்போக்கு எத்துணைக் கொடியது என்பதற்குச் சான்றாம்.

2. மணிக்கட்டின் அமைப்பு

நம் நாட்டு வைத்தியர் வாதம், பித்தம், ஐயம் என்பவற்றை அறியக் கைபிடித்துப் பார்க்கும் நாடியே ஈண்டு நாம் பேசும் நாடி. அது பெருவிரற் பக்கமாக ஓடுவது. பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டமுடையது. தோலுக்குக் கீழே மேலோட்டமாகக் கிடத்தலால் துடிப்பு விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அதன் அடியிலே முன்கை எலும்பின் தட்டையான நுனி பலகைபோல் அமைந்திருக்கின்றது. மேலிருந்து அழுத்துங்கால் அவ்வெலும்பு கீழிருந்து தாங்குதலால் துளை எளிதில் அடைபடும். தொடையிடுக்கில் இத்துணைத் தெளிவான தாங்குபலகை இல்லை. மணிக்கட்டின் முதற் சிறப்பு இதுவாம்.

இரண்டாவது சிறப்பு, கைக்குக் குருதி கொணரும் வழி இரண்டாதல். சிறுவிரற் பக்கமாக மற்றொரு நாடி ஓடுகின்றது. இவ்விரண்டும் உள்ளங்கையில் வில்போல் வளைந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. ஆதலால் ஒருவழி அடைபடினும் மற்றொரு வழியாற் கை பிழைக்கும். இக்கூட்டுறவை அறிதற்கு எட்கர் ஆலன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1929இல் ஓர் எளிய சோதனை கூறினார். இக்காலத்து வழங்கும் அதன் திருந்திய வடிவில், கையை இறுக மூடி இரு நாடிகளையும் அழுத்தி, கையை விரித்து, ஒன்றை மட்டும் விடுதல் வேண்டும். வெளுத்திருந்த உள்ளங்கை விரைவிற் சிவக்குமாயின் அவ்வழி திறந்துளது என்க. இன்று இச்சோதனையைக் கட்டாயமெனக் கொள்ளாத வைத்தியர் பலர். எனினும், இரு நாடிகளின் உறவை மாணவர்க்குக் காட்ட இதனினும் எளியது வேறில்லை.

3. துளை தானே அடையாமைக்குக் காரணம்

காய் நறுக்குங்கால் விரல் வெட்டுண்டால் சில நிமிஷத்தில் இரத்தம் நிற்கின்றது. அறுபட்ட குழாய் சுருங்குகின்றது; குருதியிலுள்ள தட்டணுக்கள் வாயிலில் ஒட்டிக் குவிகின்றன; பின்னர் நார்போன்ற பொருள் தோன்றி அவற்றைப் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றது. மணிக்கட்டு நாடியில் இவ்வியற்கைத் தொழில் தடைபடுவதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, துளையின் அளவு. நாடியிற் கதீட்டர் புகுதற்கு முன் ஷீத் என்னும் உறைக்குழாய் வைக்கப்படும். பெரிதும் வழங்கும் 6 பிரெஞ்சு அளவுள்ள உறையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர், அஃதாவது நாடியின் அகலத்துக்கு ஏறத்தாழ ஒத்தது. இரண்டாவது, குருதியின் வேகம். நாடிக்குள் இருக்கும் அழுத்தம் நாளத்தில் இருப்பதினும் பன்மடங்கு மிகுதி. இரத்தக் கொதிப்புடையார்க்கு அது மேலும் ஏறும். மூன்றாவது, மருந்து. கதீட்டரிலும் நாடியிலும் குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுகின்றது. ஸ்டென்ட் வைக்கப்பட்டார்க்கு ஆஸ்பிரினும், குளோபிடோகிரெல் போன்ற மற்றொரு மருந்துங் கொடுக்கப்படுகின்றன. இவை தட்டணுக்கள் ஒட்டுதலைத் தடுப்பன.

அங்ஙனமாயின் ஹெப்பாரினை விட்டுவிடலாகாதோ எனின், ஆகாது. ஹெப்பாரின் இன்றேல் நாடியே உறைந்து அடைபடும். 1996இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியில், ஹெப்பாரின் பெறாதாருள் நூற்றுக்கு 71 பேருக்கு மணிக்கட்டு நாடி அடைபட்டது. 2,000 முதல் 3,000 யூனிட் பெற்றாருள் 24 பேருக்கும், 5,000 யூனிட் பெற்றாருள் 4.3 பேருக்குமே அடைபட்டது. எனவே குருதியை ஒழுகச் செய்யும் அம்மருந்தே நாடியைத் திறந்து வைப்பதும் ஆகின்றது. ஒழுக்கும் அடைப்பும் ஆகிய இருதீங்குக்கும் நடுவே செல்லுதலே இப்பாடத்தின் சாரம்.

4. அழுத்தத்தின் அளவு

அழுத்தம் என்பது அளவறிந்து செய்யற்பாலது என்பதை 1628ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹார்வி விளக்கினார். குருதி வட்டமாக ஓடுவதை நிறுவுதற்கு அவர் மேற்கையில் ஒரு கட்டுக் கட்டினார். மிக இறுக்கியபோது மணிக்கட்டில் துடிப்பு நின்றது, கை குளிர்ந்தது. சிறிது தளர்த்தியபோது, ஆழத்திலுள்ள நாடி வழியே குருதி புகுந்தது. மேலேயுள்ள நாளங்கள் அழுந்தியிருந்தமையால் அது மீளவியலாது கை சிவந்து வீங்கியது. இந்நூல் தோன்றி நான்கு நூற்றாண்டாகியும், மணிக்கட்டுப் பட்டையின் கீழுள்ள கையைப் பார்ப்பார் காண்பவை இக்காட்சிகளே.

இக்காலத்துப் பட்டை ஒளி ஊடுருவுவது. உள்ளே காற்றுப்பை உடையது. அதனைக் கட்டும் முறை வருமாறு. பட்டையின் அடையாளப் புள்ளியைத் தோலின் துளைக்கு நேரே வையாது, முழங்கைப் பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைத்தல் வேண்டும். ஊசி சாய்வாகப் புகுந்தமையால் நாடியின் துளை தோலின் துளைக்குச் சற்று மேலே இருப்பதே இதற்குக் காரணம். இதனை மறந்து தோலின் துளையை மட்டும் மூடினால், வெளியே குருதி தோன்றாது. உள்ளே கசிந்து வீங்கும். பின்னர்ப் பையிற் காற்றை ஏற்றிக்கொண்டே உறைக்குழாயை மெல்ல வெளியே எடுப்பர். பெரும்பாலும் 15 கன சென்டிமீட்டர் அளவு காற்று ஏற்றப்படும்.

இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணுதல் தவறு. இனிக் காற்றைச் சிறிது சிறிதாக இறக்குதல் வேண்டும். துளையில் ஒரு துளி குருதி தோன்றும்வரை இறக்கி, தோன்றியவுடன் ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர் காற்றை மீள ஏற்றினால் குருதி நிற்கும். நிற்பதற்குப் போதிய குறைந்த அழுத்தம் அதுவே. பின்னர் அக்கையின் பெருவிரலிலோ சுட்டுவிரலிலோ பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, சிறுவிரற் பக்கத்து நாடியை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அலைக்கோடு தொடர்ந்து ஓடுமாயின், பட்டையின் கீழும் மணிக்கட்டு நாடி திறந்தே உளது. கோடு மறையுமாயின், கையிலிருந்தது மற்ற நாடியின் குருதியேயாம். பட்டையை இன்னுஞ் சிறிது தளர்த்துக. சிறுவிரற் பக்கத்தை அழுத்தாது துடிப்பை மட்டும் பார்த்து மகிழ்வார் ஏமாறுவர்; உள்ளங்கை வில்லின் வழியே மற்ற நாடியின் குருதி திரும்பி வந்து துடிப்பைக் காட்டக்கூடும்.

இம்முறையின் பயனை 2008இல் வெளியான பிராபெட் என்னும் ஆராய்ச்சி காட்டியது. அதிற் சேர்ந்தார் 436 பேர். வழக்கம்போல் இறுகக் கட்டப்பட்டாருள், ஒருநாட் கழிந்தபோது நூற்றுக்கு 12 பேருக்கும், ஒருமாதங் கழிந்தபோது 7 பேருக்கும் நாடி அடைபட்டிருந்தது. நாடி திறந்திருக்குமாறு அளவாகக் கட்டப்பட்டாருள் அவ்வெண்கள் 5, 1.8 எனக் குறைந்தன. அளவாகக் கட்டியமையால் இரத்தப்போக்கு மிகுந்ததுமில்லை.

நாடி அடைபட்டால் என்ன, மற்றொரு நாடிதான் உளதே என வினவுவார்க்கு விடை கூறுவாம். கை பிழைக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. நோயாளர் அறியாமலே அடைப்பு இருத்தலும் உண்டு. ஆயின் இருதய நோய் ஒருமுறையோடு ஒழிவதன்று. மறுமுறை கதீட்டர் செலுத்த அவ்வழி உதவாது. இருதயத்துக்கு மாற்றுவழி அமைக்குஞ் சத்திர சிகிச்சையில் இந்நாடியையே எடுத்து ஒட்டுவதுண்டு. மூத்திரப்பை நோயன்றிச் சிறுநீரகமே கெட்டு டயாலிஸிஸ் வேண்டியவர்க்கு, 1966 முதல் வழங்கும் முறைப்படி இந்நாடியை நாளத்தோடு இணைப்பதும் உண்டு. இன்று கவலையின்றி இறுக்கிய கட்டு, பத்தாண்டு கழித்து வேண்டப்படும் ஒரு வாயிலை மூடிவிடும்.

5. மறைந்தொழுகுங் குருதி

வெளியே பாயுங் குருதியைக் கண்டு யாவரும் ஓடிவருவர். முன்கைச் சதைக்குள் மறைந்து ஒழுகுவதே அஞ்சத்தக்கது. இது துளையில் மட்டும் நிகழ்வதன்று; வழிகாட்டுங் கம்பி கிளைநாடி ஒன்றிற் புகுந்து அதனைக் கிழித்தலாலும் நிகழும். அப்போது மணிக்கட்டிற் கட்டு நன்றாகவே இருக்க, முன்கையின் நடுவே வீக்கங் காணும். ஆதலின் காவலிருப்பார் மணிக்கட்டை மட்டும் நோக்காது, போர்வையை நீக்கி முழங்கைக்கு மேலும் நோக்குதல் வேண்டும்.

கானடா தேசத்து வைத்தியர் இவ்வீக்கத்தை ஐந்து படியாக வகுத்தனர். 5 சென்டிமீட்டருக்கு உட்பட்டது முதற்படி. 10 சென்டிமீட்டருக்கு உட்பட்டது இரண்டாம்படி. அதற்கு மேற்பட்டு முழங்கைக்குக் கீழே நிற்பது மூன்றாம்படி. முழங்கையைத் தாண்டியது நான்காம்படி. கையின் குருதியோட்டத்துக்கே கேடு விளைப்பது ஐந்தாம்படி. முன்கையின் தசைகள் நீளா உறைகளுக்குள் அடங்கியுள்ளமையால், உள்ளே தேங்குங் குருதி அவற்றை நெருக்கும். இந்நெருக்கத்தை உரிய காலத்தில் நீக்காவிடின் தசை இறந்து விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும் என்பதை ஜெர்மானிய வைத்தியர் போல்க்மன் 1881இலேயே எழுதினார். இத்தகைய கேடு மிக அரிது. ஆயினும் காலத்திற் கண்டாற் பெரும்பாலுந் தடுக்கத்தக்கது.

வீக்கங் கண்டவுடன் அதன் எல்லையைப் பேனாவால் தோலிற் குறித்துக்கொள்க. கோட்டைத் தாண்டுகிறதா என்பது அதனால் விளங்கும். வைத்தியர் வீக்கத்தின்மேல் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிச் சிலபொழுது காற்றேற்றுவர்; கையை உயர்த்தி வைப்பர்; வலியையும் இரத்தக் கொதிப்பையுந் தணிப்பர். விரலைப் பிறர் நிமிர்த்துங்கால் பொறுக்கவொண்ணா வலி, மரத்தல், கல்போன்ற இறுக்கம் என்பன தோன்றின் தாமதமின்றிச் சத்திர வைத்தியரை அழைத்தல் வேண்டும். துடிப்பு இருக்கிறதே என்று ஆறியிருத்தல் கூடாது; நெருக்கம் முற்றிய பின்னரே துடிப்பு மறையும்.

6. காவலிருப்பார் கடமை

முதல் ஒருமணி நேரத்திற் பதினைந்து நிமிஷத்துக்கொருமுறை கையைப் பார்ப்பது பல வைத்தியசாலைகளின் வழக்கம். பார்க்கவேண்டுவன: பட்டையின் கீழ்க் குருதி உண்டா, முன்கை வீங்குகிறதா, விரல்கள் வெதுவெதுப்பாக உள்ளனவா, நகத்தை அழுத்தி விட்டால் உடனே சிவக்கிறதா, நோயாளர் மரத்தலோ மிகுவலியோ கூறுகிறாரா என்பன. கை சற்றே நீலம் பூத்துத் தடித்திருப்பின், ஹார்வி கண்ட நாளத்தேக்கமே அது. விரலசைத்தலாலும் பட்டையைத் தாதியர் தளர்த்தலாலும் தீரும்.

பட்டையை எடுக்குங் காலம் சோதனையின் தன்மைக்கும் மருந்தின் அளவுக்கும் ஏற்ப வேறுபடும். சோதனை மட்டுமாயின் விரைவாகவும், ஸ்டென்ட் வைத்தபின் சற்றுத் தாழ்த்தும் தொடங்குவர். காற்றை இரண்டு மூன்று கன சென்டிமீட்டராக இடைவிட்டு இறக்குவர். குருதி தோன்றின் மீள ஏற்றிக் காத்திருப்பர். உறவினர் இரக்கத்தால் பட்டையைத் தாமே அவிழ்த்தலோ, அச்சத்தால் இறுக்குதலோ செய்யலாகாது. அக்கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் அன்று தவிர்த்தல் நன்று.

7. வீடு திரும்பிய பின்

நாடியின் துளை மூடியதாயினும் அடைப்பு இளையது. ஆதலால் வைத்தியர் குறித்த நாள்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று நாள், அக்கையால் நீர்க்குடந் தூக்குதல், ஈரத்துணி பிழிதல், மாவு பிசைதல், பஸ்ஸிற் கம்பியைப் பிடித்துத் தொங்குதல், இருசக்கர வண்டி ஓட்டுதல் என்பவற்றை விலக்குக. படுக்கையினின்றும் நாற்காலியினின்றும் எழுங்கால் உள்ளங்கையை ஊன்றி எழுவது பலரும் அறியாது செய்யும் பிழை. மணிக்கட்டு மடங்கி முழுப்பாரமும் துளையின்மேல் ஏறும். விரல்களை அசைப்பது மட்டும் நன்று. புண்ணை நீரில் ஊறவிடாது உலர்வாக வைத்துக்கொள்க.

மீண்டும் இரத்தம் வரின் கலங்காது உட்கார்க. மற்றக் கையின் மூன்று விரல்களைத் துளையின்மேலும் சற்று மேற்புறமும் வைத்து உறுதியாகப் பத்து நிமிஷம் அழுத்துக. இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தலாகாது. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றை அப்புதல் குருதியை நிறுத்தாது, புண்ணைக் கெடுக்கும். கயிற்றாலோ துண்டாலோ கையைச் சுற்றி இறுக்குதலும் ஆகாது. பீறிட்டுப் பாயினும், பத்து நிமிஷத்தில் நில்லாவிடினும், கை வீங்கிக்கொண்டே போயினும், அழுத்தியவண்ணமே 108 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸை அழைப்பிக்க. தாமே வண்டியோட்டிச் செல்லற்க. சில நாட் கழித்துத் துடிக்கின்ற கட்டி தோன்றினும், விரல்கள் குளிர்ந்து வெளுப்பினும், புண் சிவந்து சீழ்கொள்ளினும் வைத்தியரிடங் காட்டுக.

இன்னொன்றை மறவற்க. இரத்தங் கசிந்ததே என்று அஞ்சி ஆஸ்பிரின் முதலிய மருந்துகளைத் தாமே நிறுத்துவாருளர். புதிதாக வைத்த ஸ்டென்ட் அதனால் உறைந்து அடைபட்டு மாரடைப்பு நேரலாம். மணிக்கட்டில் ஒழுகுங் குருதியை விரலால் நிறுத்தலாம். இருதயத்தில் உறையுங் குருதியை விரல் எட்டாது. வைத்தியர் சொல்லாமல் ஒருவேளை மருந்தையும் விடலாகாது.

முடிபு

தொகுத்துரைப்பின்: மணிக்கட்டு நாடி எளிதிற் புகத்தக்கது, எளிதிற் காக்கத்தக்கது. தளரக் கட்டினால் குருதி போம். இறுகக் கட்டினால் நாடி போம். அளவறிந்து கட்டினால் இரண்டும் நிற்கும். அவ்வளவை அறிதற்கு வேண்டுவன ஒளி ஊடுருவும் ஒரு பட்டையும், விரலிலொரு கருவியும், அடிக்கடி வந்து பார்க்கும் ஒருவரது பொறுமையுமேயாம். கருவிகள் ஆண்டுதோறும் மாறலாம். 2017 முதல் பெருவிரலடியிலுள்ள குழிவிலேயே துளையிடும் முறையும் பரவி வருகின்றது. எங்குத் துளையிடினும் காவல் ஒன்றே. நம் மாணவருள் வைத்தியராகவோ தாதியராகவோ ஆகவிருப்பார் இருதயத்தைத் திறமையோடு திருத்துவதில் எய்தும் மகிழ்ச்சியை, இறுதியில் ஒரு சிறு துளையைப் பழுதின்றி மூடுவதிலும் எய்துவாராக.